கொடிக்காரன் நடை

கென்ட் நகரத்துப் பெரிய மனிதர்களுக்கு அந்த வருடம் ஒரு புதுக் கிறுக்குப் பிடித்திருந்தது. ஒரு சாண் அகல வட்ட அட்டை. விளிம்பைச் சுற்றிப் பதினாறு பிளவு, உள்ளே வட்டமாய்ப் பதினாறு பொம்மை. அதை ஒரு கைப்பிடியில் செருகிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டும். பொம்மைப் பக்கம் கண்ணாடியைப் பார்த்திருக்க, பின்னாலிருந்து பிளவில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அட்டையைச் சுற்றிவிட்டால், கண்ணாடிக்குள் பொம்மைக்கு உயிர் வந்துவிடுமாம். படித்தவர்கள் இதற்கு வாயில் நுழையாத கிரேக்கப் பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். கொலேட்டா அதைச் சொல்ல முயன்றதுகூட இல்லை. கிறுக்கு வட்டு என்று அவளாக ஒரு பெயர் வைத்துக்கொண்டாள்.

"வயித்துக்கு இல்லாதவன் ரெண்டு கண்ணையும் திறந்துக்கிட்டு வேலை பாக்குறான். வயிறு ரொம்புனவன் ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு பொம்மை பாக்குறான். நல்ல ஊரு" என்பாள்.

பாட்டர்ஸ்ஹோல் சந்தில் அவளுடைய வீடு படத்துக்கு வண்ணம் பூசுகிற வீடு. கல்லச்சில் கறுப்புக் கோட்டோடு வரும் தாள்களை அச்சகத்திலிருந்து வாங்கி, வடிவம் வெட்டிய தகட்டை மேலே வைத்து, கட்டைத் தூரிகையால் வண்ணம் தட்டிக் கொடுப்பார்கள். வழக்கமாக வருவது புனிதர் படங்கள். ஆளுக்கு ஒரு வண்ணம். கொலேட்டாவுக்கு நீலமும் தோல் நிறமும். அவள் நாத்தனார் லிவினாவுக்குச் சிவப்பு. கல்யாணம் ஆகாமல் நாற்பதைத் தொட்டுவிட்ட லிவினா இதுவரை அம்பு தைத்த எத்தனை ஆயிரம் செபஸ்தியார்களுக்கு ரத்தம் வழியவிட்டாளோ, அவளுக்கே கணக்கு தெரியாது. ரத்தம் போதாதென்று சாமியார்கள் திருப்பி அனுப்பியதும் உண்டு.

கிறுக்கு வட்டு வேலை வந்தால், வண்ணம் காய்ந்தபின் தாளை அட்டையில் ஒட்டி, வட்டமாய் நறுக்கி, பிளவு வெட்டுவது கொலேட்டாவின் புருஷன் செர்வாஸ். உளியை வைத்து மரச்சுத்தியால் ஒரே போடு. பிளவு மயிரிழை பிசகாது. அவன் உருப்படியாகச் செய்கிற வேலை அது ஒன்றுதான் என்பது அவள் அபிப்பிராயம், அதையும் அவன் காதுபடச் சொன்னதில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் படகிலிருந்து கல் இறக்கும்போது அவன் தொடை முறிந்தது. கட்டுப் போட்டவன் குடித்துவிட்டுப் போட்டான். இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிப்போனது. ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு இடப்பக்கம் ஒரு படி இறங்கி ஏறும்.

அப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு அவன் செபஸ்தியார் சபையின் கொடிக்காரன். அவன் அப்பன் சுமந்த கொடி. வருடத்துக்கு ஒரு நாள், ஜூன் மாதத்து நற்கருணைப் பவனியில், பத்தடிக் கம்பில் சிவப்புப் பட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு சபைக்கு முன்னால் நடப்பான். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அந்த ஒரு நாளைப் பற்றிப் பேசுவான். பவனிக்கு ஒரு மாதம் முன்பே முற்றத்தில் கம்பில் ஈரப் போர்வையைக் கட்டிக்கொண்டு பழகத் தொடங்கிவிடுவான். சாராயக்கடை யூடோக்கஸுக்கு அந்தக் கொடியைத் தன் மருமகன் கையில் கொடுத்துப் பார்க்க ஆசை. கால் சரியில்லாதவன் முன்னால் நடந்தால் சபைக்கு அழகா என்று குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். சபைத் தலைவருக்கும் அந்தப் பேச்சு எட்டியிருந்தது. "பவனியில சிரிப்புச் சத்தம் கேட்டா மட்டும் கொடியை மாத்திருவேன்" என்று போன வருடமே செர்வாஸிடம் சொல்லியிருந்தார்.

செர்வாஸுக்குச் சிரிப்புச் சத்தத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. தான் ராஜநடை நடப்பதாக அவன் நினைப்பு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அந்த வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி, உள்ளங்கை அளவு, அவன் சவரம் செய்ய மட்டும். அதில் அவன் மோவாய்க்குக் கீழே தன்னை ஒருநாளும் பார்த்ததில்லை.

"கொலேட்டா, இந்தப் போர்வையைப் பிழியாம குடு. பட்டுக்கொடி மழையில நனைஞ்சா இந்த கனம்தான் இருக்கும்."

"ஏன், மேல கல்லு கட்டித் தரவா?"

"உனக்குத் தெரியாதுடி. கொடிங்கிறது கையால தூக்குறதில்ல, நடையால தூக்குறது. எங்கப்பன் சொல்வார்."

"சொல்வாரு, சொல்வாரு. சொல்லிட்டுத்தான் உனக்கு இந்தக் குடிசையை விட்டுட்டுப் போனாரு."

இப்படித்தான் அந்த வீட்டில் பேச்சு. அடுப்பில் மோரும் உருளைக்கிழங்கும் கொதிக்கும். கூரைக்குக் கீழே கயிற்றில் தாள்கள் காயும். வெளியே நசநசவென்று தூறல், பஞ்சாலைப் புகை, வாய்க்கால் நாற்றம். கொலேட்டாவுக்கு நாக்கு நீளம் என்று சந்து முழுக்கத் தெரியும். நாக்கைவிடப் பெரிய வித்தை ஒன்றும் அவளிடம் இருந்தது. யாருடைய நடையையும் அப்படியே நடந்து காட்டிவிடுவாள். பங்குச்சாமியார், பால்காரி, வரி வாங்க வருகிறவன், யாரும் தப்பியதில்லை.

மாடியறையில் டெசிடேர் குடியிருந்தான். இருபத்தைந்து வயது, படம் வரைகிறவன். அச்சகங்களுக்குக் கல்லில் வரைந்து கொடுப்பான். மோர்க்கஞ்சியை முகம் சுளித்துக்கொண்டு இரண்டு கிண்ணம் குடிப்பான். தன்னைப் பாரீஸில் இருக்க வேண்டியவன் என்று நினைத்துக்கொண்டு பாட்டர்ஸ்ஹோலில் ஈரத்துணி காயும் மாடியில் இருப்பவன். அந்தப் பிறவிகள் எல்லா ஊரிலும் உண்டு.

தவக்காலத்தில் ஒருநாள் செர்வாஸ் பசைக்கு மாவு வாங்கப் போயிருந்தான். சாப்பாட்டு மேசையில் டெசிடேர், "அக்கா, மாமா பவனியில எப்படி நடப்பாரு? நான் பாத்ததில்லையே" என்றான். அவ்வளவுதான். கொலேட்டா துடைப்பத்தை எடுத்தாள், அடுப்புத் துணியை அதன் நுனியில் போட்டாள், நடந்தாள். மோவாய் வானத்தைப் பார்க்க, நெஞ்சு முன்னே போக, இடது கால் பள்ளத்தில் விழுவதுபோல் இறங்க. அது மட்டும் செய்திருந்தால் அது செர்வாஸ் நடை. ஆனால் சிரிப்பு வருகிற இடத்தில் கொஞ்சம் உப்பைக் கூட்டிப் போடுவது அவள் பழக்கம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் கோழி கொத்துவதுபோல் தலையை இரண்டு வெட்டு வெட்டினாள். கடைசியில் அடுப்புத் துணி அவள் முகத்திலேயே வந்து விழுந்தது. லிவினா கூடப்பிறந்தவனுக்காக வருத்தப்பட வேண்டியவள், மூக்கில் கஞ்சி ஏறும்வரை சிரித்தாள். டெசிடேர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை, அக்கா. மெதுவா" என்றான். அவள் மெதுவாக நடந்து காட்டினாள். கேட்டால் மறுக்கிற பழக்கம் கலைஞர்களுக்கு ஏது?

ஹெல்லபோ என்கிற கடைக்காரர் வெல்ட்ஸ்ட்ராட் தெருவில் கண்ணாடியும் பொம்மையும் விற்பவர். பவனிக்கு வெளியூர்க் கூட்டம் வரும் என்று கிறுக்கு வட்டு இருநூறு போடச் சொன்னார். படம் டெசிடேர் வரைந்தது. வண்ணமும் பிளவும் கொலேட்டா வீடு. பொம்மை, கொடி பிடித்த ஒரு குண்டு மீசைக்காரன். நீலச் சட்டை, மஞ்சள் கொடி. விரல் நீளம்கூட இல்லாத பதினாறு மீசைக்காரர்கள், பதினாறு மாதிரி வளைந்து நின்றார்கள். கொலேட்டா மூவாயிரத்து இருநூறு சட்டைக்கு நீலம் தட்டினாள். முகம் என்று அவனுக்கு ஒரு கடுகளவு, அதில் தோல் நிறம் ஒரு பொட்டு. பொம்மை சாய்ந்தது வலப்பக்கம், செர்வாஸ் இறங்குவது இடப்பக்கம். அவளுக்கு ஒரு துளியும் சந்தேகம் வரவில்லை.

செர்வாஸ் ஒரு வட்டைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "கொடியைப் பிடிக்கிற லட்சணமா இது? கம்பு தொடைக்கு வந்திருக்கு. இடுப்புல நிக்கணும். வரைஞ்சவன் பவனியையே பாத்ததில்ல."

"நீ போய்ச் சொல்லிக் குடுத்திருக்கலாமே."

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன்" என்றான், அவள் கேலியைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு. அவனோடு இருபது வருடம் குப்பை கொட்டியதில் அவளை அதிகம் எரிச்சல்படுத்தியது அதுதான். குத்தினால் வலிக்க வேண்டும், இவனுக்கு வலிக்காது.

வெள்ளிக்கிழமை நூறு வட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு கொலேட்டா மட்டும் கடைக்குப் போனாள். ஹெல்லபோ ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைச் சன்னல் ஓரமாக நிறுத்தியிருந்தார். ஒரு வட்டைக் கைப்பிடியில் செருகி அவளிடம் நீட்டினார்.

"பாத்திருக்கியா?"

"எனக்கு வேலை இருக்கு முதலாளி."

"நீ வண்ணம் போட்டதுதான். பாரேன். காசு கேக்கமாட்டேன்."

வேண்டாவெறுப்பாகப் பிளவில் கண்ணை வைத்தாள். அவர் விரலால் வட்டைச் சுண்டிவிட்டார். முதலில் ஒரு சாம்பல் மங்கல். பிறகு கண்ணாடிக்குள் பதினாறு பேரும் நின்ற இடத்திலேயே நடக்கத் தொடங்கினார்கள்.

கண்ணாடியில் வலது இடதாகிவிட்டது. நெஞ்சு முன்னே, மோவாய் மேலே, இடது கால் பள்ளத்தில். செர்வாஸ் நடந்தான். செர்வாஸுக்கு மீசை இல்லை, அவன் குண்டும் இல்லை, சட்டையும் வேறு, ஆனாலும் அது செர்வாஸ். நூறு பேர் நடுவில் முதுகை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்துவிடக்கூடிய அந்த நடை. கொடித்துணி சரிந்து முகத்தில் விழுந்தது, எழுந்தது, விழுந்தது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் தலை இரண்டு வெட்டு வெட்டியது.

செர்வாஸ் தலையை வெட்டமாட்டான். அதைப் போட்டது அவள். அவளுடைய உப்பு.

பிளவிலிருந்து கண்ணை எடுத்து, வட்டைக் கைப்பிடியோடு கவிழ்த்துப் பிடித்தாள். யாருடைய நடையையும் நடந்து காட்டுகிறவள், தான் நடந்து காட்டுவது வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். அருவருப்பாக இருந்தது.

"எப்படி?" என்றார் ஹெல்லபோ.

"முதலாளி, இதை விக்காதீங்க."

"என்னது?"

"வேற படம் போட்டுக் குடுக்குறோம். கூலி வேண்டாம். ராத்திரி பகலா உக்காந்து..."

"ஏன், இதுக்கென்ன? வரைஞ்சவன் மாதிரிக்குக் குடுத்த வட்டைக் காலையில ரெண்டு சீமாட்டி பாத்துட்டு நாற்காலியில உக்காந்து சிரிச்சாங்க. ஒரு நொண்டி கொடியைத் தூக்கிட்டுப் போறான், கொடி மூஞ்சில விழுது. இதைவிட என்ன வேணும் ஜனங்களுக்கு? நாளைக்கு மிச்ச நூறும் வரணும். சனிக்கிழமை ஜனம் ஜாஸ்தி." பிறகு அவளுடைய மரச்செருப்பைப் பார்த்துவிட்டு, "தரையில சேறு" என்றார்.

வீட்டுக்கு வந்தவள் செர்வாஸ் இருந்த பக்கம் திரும்பாமல் நேராக மாடியேறினாள். டெசிடேர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், யாரு வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு யாரை வரைஞ்சிருக்க?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். "பாத்துட்டீங்களா? எப்படி நடக்குறான் பாத்தீங்களா? கொஞ்சம்கூட உதறல் இல்ல. பாரீஸ்லகூட இவ்வளவு சுத்தமா..."

"பாரீஸை உடைப்புல போடு. நாளைக்கு ஊரே ஹெல்லபோ கடையில நிக்கும். நாளன்னிக்கு அவரு கொடியோட வருவாரு. என்ன ஆகும்?"

"மாமாவுக்குத் தெரியாது அக்கா. மீசை வச்சிருக்கேன், குண்டாக்கியிருக்கேன்."

"அந்த நடைக்கு மீசை வச்சா மறைஞ்சிருமா? பாத்த அடுத்த நிமிஷம் சொல்வாங்க. பவனியில அவரைப் பாத்து எவனாவது தலையை ரெண்டு வெட்டு வெட்டினா போதும், தெருவே உருளும். சபைக்காரன் கம்பைப் பிடுங்கிருவான். அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்த மனுஷன் வருஷம் பூரா உளி பிடிக்கிறான். தெரியுமா உனக்கு?"

டெசிடேர் நகத்துண்டுகளைப் போர்வையிலிருந்து தட்டிவிட்டான். "கோவிச்சுக்காதீங்க. நான் மாமாவை வரையலையே. அவரு கொடியோட நடந்து நான் பாத்ததே இல்லைன்னு அன்னிக்கே சொன்னேன். வீட்டுல உளியோட உக்காந்திருக்கிறதைத்தான் பாத்திருக்கேன். நான் வரைஞ்சது உங்களை."

கொலேட்டா கதவுப் பக்கம் ஒரு எட்டு பின்வாங்கினாள்.

"நீங்க துடைப்பத்தோட நடந்தீங்கல்ல? ரெண்டு தடவை நடந்து காட்டினீங்க. அன்னிக்கே மேல வந்து வரைஞ்சுட்டேன். அந்தத் தலைவெட்டு இருக்கே, அதான் அக்கா உசிரு. அது இல்லேன்னா வெறும் நொண்டி. யாரு சிரிப்பா?"

அவனை அறைந்திருப்பாள். அறைவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது? கீழே இறங்கி வந்து, மிச்ச நூறு வட்டில் வண்ணத்தை மாற்றித் தட்டிக் கெடுத்துவிடலாமா என்று யோசித்தாள். ஒரு சட்டை நீலம், அடுத்தது சிவப்பு என்று போட்டால் சுற்றும்போது வெறும் மினுக்கல்தான் தெரியும், நடை தெரியாது. ஆனால் கடையில் ஏற்கெனவே நூறு கிடந்தது. லிவினா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, வயிறா?" என்றாள்.

"ஆமா. வயிறுதான்."

முற்றத்தில் செர்வாஸ் ஈரப் போர்வையோடு நடந்துகொண்டிருந்தான். ஒரு எட்டு, ஓர் இறக்கம். அவள் சன்னல் வழியாக வெகுநேரம் பார்த்தாள். தலை ஆடவே இல்லை. கழுத்து கம்பி மாதிரி நின்றது. அந்த இறக்கத்திலும் கழுத்தை ஆடாமல் வைக்க எவ்வளவு பாடுபடுகிறான் என்பது, இத்தனை முறை நடந்து காட்டியவளுக்கு அதுவரை தெரியாமல் போயிருந்தது.

மறுநாள் காலை செர்வாஸ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினான்.

"நான் கொண்டு போறேன்" என்றாள் கொலேட்டா.

"நீ நேத்துப் போனியே. இன்னிக்கு நான் போறேன். நான் வெட்டின பிளவு, எப்படி ஓடுதுன்னு நான் பாக்க வேண்டாமா?"

"தூறுது. கால் வலிக்கும். நாளைக்கு நடக்கணும்ல?"

"அட, என் காலு மேல என்னடி புதுசா கரிசனம்?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

ஹெல்லபோ கடையில் கூட்டம் வாசல்வரை நின்றது. காசுள்ளவர்கள் வாங்கினார்கள், இல்லாதவர்கள் ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். பாதிப் பேர் பாட்டர்ஸ்ஹோல் ஆட்கள்தான். மீன்காரி அமெல்பெர்கா செதில் ஒட்டிய ஏப்ரனோடு முன்வரிசையில் நின்றாள். டெசிடேர் புதுக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு, யாராவது தன்னைப் பாராட்டுவார்களா என்று கல்லாவுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தான். செர்வாஸ் உள்ளே நுழைந்ததும் பேச்சு பிசிறியது. அவன் வாசலிலிருந்து கண்ணாடிவரை நடந்த பத்து எட்டை எல்லாக் கண்ணும் எண்ணிப் பார்த்தது. ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டான். செர்வாஸ் அதைக் கவனிக்கவில்லை. கைப்பிடியை வாங்கி, தன் பிளவு நேராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கண்ணை வைத்துச் சுழற்றினான்.

கொலேட்டா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வட்டு இரண்டு சுற்று ஓடியது. பிறகு அவன் தோள் குலுங்கியது. அவள் கண்ணை மூடினாள். அழுகிறான் என்று நினைத்தாள்.

"அடப்பாவி!" என்று கத்தினான் செர்வாஸ். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சிரித்துக்கொண்டிருந்தான். "யூடோக்கஸ்! நம்ம சாராயக்கடை யூடோக்கஸேதான்! பாருங்கய்யா, வாதம் வந்த காலோட பீப்பாயை உருட்டிட்டு வருவானே, அப்படியே! மீசை, தொப்பை, எல்லாம் அவன்தான். இவனா என் கொடிக்கு ஆசைப்படுறான்? மூஞ்சில விழுது பாரு கொடி!"

கடையில் யாரும் மூச்சுவிடவில்லை. அந்த அமைதி எவ்வளவு கேவலமான அமைதி என்று கொலேட்டாவுக்குத் தெரியும். சிரிப்பு தொண்டைவரை வந்து, யார் முதலில் என்று காத்திருக்கிற அமைதி. அவளும் எத்தனையோ தடவை அப்படிக் காத்திருந்தவள்தானே.

அமெல்பெர்காதான் வாயைத் திறந்தாள். "யூடோக்கஸா? ஏன் செர்வாஸ், உங்க வீட்டுல கண்ணாடியே..."

"அது நான்" என்றாள் கொலேட்டா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன பாக்குறீங்க? அந்த வட்டுல நடக்குறது நான்."

"உனக்கு எப்போடி மீசை முளைச்சுச்சு?" என்றாள் அமெல்பெர்கா. இப்போது சிரிப்பு கொஞ்சம் வெளியே வந்தது.

"உனக்கு இருக்கிறதைவிடக் கம்மிதான். படத்துக்காக ஒட்ட வச்சான். நம்பலேன்னா வரைஞ்சவனைக் கேளு, அங்கதான் நிக்குறான். டேய் டெசிடேர், யாரைப் பாத்துடா வரைஞ்ச? மாதா மேல ஆணையாச் சொல்லு."

டெசிடேர் கழுத்துத்துணியைத் தளர்த்தினான். "அக்காவைப் பாத்துத்தான். அக்காதான் நடந்து காட்டினாங்க."

அன்றைக்கு அந்தக் கடையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். அதை உண்மை என்று அவர்கள் நம்புவதற்கு அவள் இன்னும் கொஞ்சம் செய்ய வேண்டியிருந்தது. கடைக்கதவைச் சாத்துகிற கொக்கிக்கழி மூலையில் நின்றது. அதை எடுத்தாள், முக்காட்டை அவிழ்த்து நுனியில் போட்டாள், கண்ணாடிக்கு முன்னால் நடந்தாள். மோவாய் மேலே, கால் பள்ளத்தில், தலை இரண்டு வெட்டு. முக்காடு முகத்தில் விழுந்தது. வட்டில் பார்த்தவர்களுக்கு ஒரு முடிகூட வித்தியாசம் தெரிந்திருக்காது. அந்தத் தலைவெட்டு செர்வாஸிடம் இல்லை, அவளிடம் இருந்தது. அது போதுமாக இருந்தது.

கடை வெடித்தது. ஹெல்லபோ கல்லாவைக் குத்திச் சிரித்தார். "கொலேட்டாடா! கொலேட்டாவேதான்!" என்று யாரோ ஒருவன் வாசலில் நின்றவர்களுக்குச் சொன்னான். நடந்துகொண்டே அவள் ஆள் உயரக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். நாற்பத்தொரு வயதுப் பொம்பளை, நரைத்த தலை, கோழி மாதிரி கொத்திக்கொண்டு. சிரிக்கிற முகங்களையும் பார்த்தாள். காறித் துப்பலாம்போல இருந்தது. யார்மேல் என்று கேட்டால் முதலில் கண்ணாடியில் தெரிந்தவள்மேல்தான்.

செர்வாஸ் மட்டும் சிரிக்கவில்லை. கூடையைக் கவிழ்த்து வட்டுகளைக் கல்லாவில் அடுக்கிவிட்டு, அவள் கையிலிருந்த கழியை வாங்கி மூலையில் வைத்துவிட்டு வெளியே நடந்தான். அவள் பின்னால் போனாள்.

கோரன்மார்க்ட் திடலைத் தாண்டும்வரை அவன் முன்னாலேயே நடந்தான். பிறகு, "யூடோக்கஸையாடி நடிச்சுக் காட்டின?" என்றான்.

"ஆமா."

"எனக்கும் அவனை ஆகாது. ஆனா அவனுக்குக் காலு முடியாதுடி. நான் தெரியாம சிரிச்சுட்டேன், அது வேற. நீ தெரிஞ்சே செஞ்சிருக்க. அடுத்தவன் ஊனத்தைப் பாத்து நடந்து காட்டலாமா? அவன் பொண்டாட்டி அந்தக் கடைக்கு வந்து பாத்தா அவ வயிறு எப்படி எரியும்?"

"எரியும்" என்றாள் கொலேட்டா.

பின்னாலிருந்து ஒரு சீழ்க்கை. கடையிலிருந்து வந்தவர்களில் சிலர் அதே வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்வை முன்னால் நடக்கிற செர்வாஸின் முதுகில் போய் நிற்க அதிக நேரம் ஆகாது. கொலேட்டா இடது காலை இறக்கினாள். மோவாயைத் தூக்கினாள். தலையை இரண்டு வெட்டு வெட்டினாள். சிரிப்பு அவள் முதுகில் வந்து விழுந்தது. அப்படியே மீன்சந்தையைக் கடந்தாள். மீன் கழுவுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "கொலேட்டா, கொடி எங்கே?" என்று ஒருத்தன் கேட்டான். "உன் பாட்டி உள்பாவாடையைக் குடு, கட்டிக்கிறேன்" என்றாள் திரும்பாமலே. பாலத்துக்கு வருவதற்குள் அந்த வட்டுக்கு ஊரில் பேர் விழுந்துவிட்டது. கொலேட்டா வட்டு.

பாலத்தில் செர்வாஸ் நின்றான். "ஏண்டி இன்னமும் இப்படி நடக்குற?"

"செருப்பு கடிக்குது."

"கழட்டிட்டு நட."

"சேறு."

"ஊரே பாக்குதுடி. நாளைக்குக் கொடிக்காரன் பொண்டாட்டின்னு உன்னையும்தான் பாப்பாங்க. இப்படியா ஆடி ஆடி நடப்பாங்க?" அவன் அவளைத் தாண்டி முன்னால் போய் நின்றான். காலிக் கூடையை மார்போடு நிமிர்த்திப் பிடித்தான், கொடிக்கம்பைப் பிடிப்பதுபோல. நெஞ்சை விரித்தான். "இங்க பாரு. தலை ஆடக் கூடாது. கழுத்து நேரா இருந்தா காலு தானா வரும். எங்கப்பன் சொல்வார். ம், என்னைப் பாத்து நட."

சொல்லிவிட்டு நடந்தான். ஒரு எட்டு, ஓர் இறக்கம். பாலத்துக்கு அப்பால் தூறலில் சந்து காலியாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் கலைந்துபோயிருந்தார்கள். கொலேட்டா செருப்பைச் சரிசெய்துகொண்டாள். அவன் கால் இறங்கிய இடத்தில் தன் காலை இறக்கி, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, வீடுவரைக்கும் அவனைப் பார்த்து நடந்தாள்.